இரண்டாம் வகுப்புக்கு இலக்கணத் தேர்வு எதற்கு? பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் வகுப்பில் கதை நேரத்தை எடுத்துவிட்டு அதில் இலக்கணம் நடத்தி, தேர்வும் வைக்கும் முடிவு உங்களுடையது; சுற்றறிக்கையும் உங்களுடையது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

'இரண்டாம் வேற்றுமை உருபு யாது?' என்ற கேள்விக்கு என் மகள் விடை எழுதவில்லை. தண்டனையாக 'ஐ' என்று இருபது முறை எழுதி வரச் சொன்னார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு, "அப்பா, நோட்டை மூடி வச்சிடவா?" என்றாள். அவளுக்குத் தெரியாதென்று நீங்கள் சுழித்த அந்த 'ஐ', 'நோட்டை'க்குள்ளேயே இருக்கிறது.

மரம் என்பது மரத்தை ஆவதற்கு இடையில் 'அத்து' என்ற இணைப்பு, அதாவது சாரியை, வரவேண்டும். சின்னப் பிள்ளைகள்கூடப் பொதுவாக 'மரமை' என்று சொல்வதில்லை. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள் என்பீர்கள். 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத ஒரு பிராணியைப் படமாக வரைந்து, அதற்கு 'வக்' என்று பெயர் வைத்து, சின்னப் பிள்ளைகளிடம் காட்டினார். இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டதற்குப் பெரும்பாலோர் 'வக்ஸ்' என்றார்கள். கேட்டே இராத சொல்லுக்கும் விதி ஓடுகிறது. நம்மூரில் 'டும்பம்' என்று ஏதாவது சொல்லிப் பாருங்கள், 'டும்பத்தை எங்கே வச்சீங்க?' என்று திருப்பிக் கேட்பார்கள். இங்கிலீஷ் பிளாட்ஃபாரமே நம் வாயில் 'பிளாட்ஃபாரத்துல' ஆகிவிடுகிறதே, அதற்கு யார் வகுப்பு எடுத்தார்கள்?

பிள்ளைகளின் தப்பிலும் விதி இருக்கிறது. இருபத்தொன்பதுக்கு அடுத்து 'இருபத்திப்பத்து' என்று எண்ணுகிற குழந்தை மக்கு அல்ல. சொல்லை எப்படிக் கட்டுவதென்று கண்டுபிடித்துவிட்ட குழந்தை. முப்பது என்று நாலு தரம் காதில் விழுந்தால் தானே மாற்றிக்கொள்ளும். அதற்குப் பேச்சு வேண்டும், பாட்டு வேண்டும், கதை வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. வராந்தாவில் தமிழ் பேசினால் அபராதம், வகுப்புக்குள் தமிழ் வேற்றுமை தெரியாவிட்டால் இம்போசிஷன்! பேசவும் கூடாது, இலக்கணம் மட்டும் பிசகாமல் வரவேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தில் ஆட்டம் பாட்டத்தோடு சொல்லிக் கொடுக்கிறார்கள், அதுவும் இலவசமாக. நாங்கள் பருவத்துக்குப் பருவம் பணம் கட்டி 'ஐ' எழுதுகிறோம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்தருள்க. இலக்கணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்து எழுதப் பழகிய பிறகு, தான் பேசுவதற்குள்ளேயே இத்தனை ஒழுங்கு இருக்கிறதென்று பார்க்கும்போது பிள்ளைக்கே ருசிக்கும். ஏழு வயதில் அது வெறும் மனப்பாடம். இரண்டாம் வகுப்புக்கு இலக்கணத் தேர்வை நிறுத்துங்கள், கதை நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான். அரையாண்டுத் தேர்வின் கேள்வித்தாள் அச்சுக்குப் போகுமுன் தங்கள் முடிவைத் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை