படகை இழுங்கள், எஞ்சினை விடுங்கள்: ஒரு நன்றி மடல்

தூத்துக்குடி மச்சானுக்கும், மாமாவுக்கும், நாங்கள் தோந்தோன் என்று கூப்பிடும் பெரியவருக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், சாரக் குழாய் கொடுத்த தம்பிக்கும், டிரெய்லரைத் தள்ளிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு மாலை நாலரை மணிக்கு மொரிஷியஸில் எங்கள் மாயேபூர் வீட்டு வாசலில், இரண்டு பழைய லாரி டயர்களின் மேல், என் படகின் எஞ்சின் வந்து உட்கார்ந்தது. யாருக்கும் விரல்கூட நசுங்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் கையில் கிரீஸோடு தால்பூரி தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள், ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, அவர்களுக்கு நேரில் க்ரியோலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் பலர் எஞ்சின் பழசாகிப் போனதால் கழற்றினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஜனவரியில் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நான் விடாமல் செல்ஃப் அடித்தேன். எஞ்சின் பிடிக்காவிட்டாலும் செல்ஃப் சுற்றுகிற ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் குளிர்விக்கும் பம்ப் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடுகிற எஞ்சினில் புகையின் வேகம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும், புகையே இல்லாதபோது தண்ணீர் சைலன்சரை நிரப்பி, பின்னால் ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். கடல்நீர் வால்வை மூடிவிட்டு செல்ஃப் அடித்து, எஞ்சின் பிடித்த உடனே திறந்திருக்க வேண்டும். சரி, தெரியவில்லை, நடந்துவிட்டது. அன்றைக்கே இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டிருந்தாலாவது தப்பித்திருக்கும். நான் என்ன செய்தேன்? படகை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன், காவடி விரதம் ஆரம்பித்தது, விரதம் முடிந்து இன்னும் பத்து நாள் சோம்பலிலும் போனது. முருகனைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்ப வந்து பார்த்தால் எஞ்சின் அசையவே இல்லை.

மச்சான், உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. அங்கே விசைப்படகு எஞ்சின்களோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு, உங்கள் ஊர் நேரம் எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் ராத்திரி பதினொன்றரைக்கு என் வீடியோ காலை எடுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டே ஒவ்வொரு நட்டாகப் பார்த்துச் சொன்னீர்கள். பேட்டரியில் நெகட்டிவ் முதலில், டீசல் வால்வை மூடு, கூலன்ட்டை இறக்கு, எண்ணெயை டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பு வைத்து உறிஞ்சு. எஞ்சினையும் புரொப்பெல்லர் தண்டையும் இணைக்கிற கப்ளிங்கின் போல்ட்டைத் தொடும் முன் இரண்டு பக்கத் தட்டிலும் சென்டர் பஞ்சால் ஒரே நேரில் புள்ளி வைக்கச் சொன்னது, எஞ்சினைப் படகோடு பிடித்திருக்கும் மவுண்டிங்கில் மேல் நட்டை மட்டும் கழற்று, கீழ் நட்டைத் தொட்டால் உதைப்பேன் என்று சொன்னது, இரண்டின் அருமையும் எஞ்சினைத் திரும்ப வைக்கும்போதுதான் தெரியும் என்றீர்கள். கப்ளிங் நான்கு அங்குல விட்டம் என்றால் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கு மேல் மாறக்கூடாதாம், அதையும் படகு தண்ணீரில் இறங்கிய பிறகுதான் கடைசியாகச் சரிபார்க்க வேண்டுமாம். அப்போது மறுபடி தூக்கத்தைக் கெடுப்பேன், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மாமா, உங்கள் அங்குல ஸ்பானர் செட் இல்லையென்றால் நான் பாதியில் கைவிட்டிருப்பேன். இது பெர்கின்ஸ் 4108, பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 4 சிலிண்டர், 108 கன அங்குலம். இங்கிலாந்துக்காரன் அங்குலத்தில் செய்த எஞ்சினில் நான் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு இரண்டு போல்ட் தலையை உருண்டையாக்கிய பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். பெட்ஃபோர்ட் லாரி காலத்து ஸ்பானர்கள், எண்ணெய்த் துணியில் சுற்றி, புதுசு மாதிரி. மூன்று நாள் துரு எண்ணெய் அடித்தும் அசையாத கப்ளிங் போல்ட்டை நான் கேஸ் டார்ச் வைத்துச் சுடப் போனபோது, கீழே டீசல் கிடக்கிறது, படகு ஃபைபர், உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டு, ஹாக்ஸா பிளேடைக் கையில் பிடித்து ஒரு மணி நேரம் அறுத்தீர்கள். எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியை, அதுதான் செயின் பிளாக்கை, வராந்தா பீமில் மாட்டலாம் என்ற என் யோசனையையும் நீங்கள்தான் கொன்றீர்கள். பீமைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது துணி காயப்போட” என்றீர்கள், அவ்வளவுதான்.

கிரேன் லாரி சந்துக்குள் வர முடியாது, மேலே மின்கம்பி. சாரக் குழாய்களைக் கொடுத்து, தானே வந்து கிளாம்ப் போட்டு, படகுக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றிய பெரிய கோல்போஸ்ட் மாதிரி கட்டிக்கொடுத்த தம்பி, அடுத்த நாள் வேலைக்கு அந்தக் குழாய் உனக்குத் தேவை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன், நீ சொல்லாமல் இருந்ததும் அதனால்தான்.

தூக்குவது சரி, இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்பைப் படகின் விளிம்பைத் தாண்டி எப்படி வெளியே கொண்டுவருவது என்று ஒரு வாரம் குழம்பினேன். பலகை, உருளை, சறுக்குப் பாதை என்று படம் எல்லாம் போட்டேன். தோந்தோன் வேலியோரம் நின்று சிகரெட் பிடித்தபடி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எஞ்சினை எதற்கு நகர்த்துகிறாய், படகில்தானே சக்கரம் இருக்கிறது என்றார். எஞ்சினை அந்தரத்தில் தொங்கவிட்டு, டிரெய்லரோடு படகைக் கீழிருந்து இழுத்துவிடு, அப்புறம் எஞ்சினை நேராகத் தரைக்கு இறக்கு. ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர். என் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா, உங்களைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மச்சான் சொன்னபடி நட்டுகளையெல்லாம் கழற்றி, கப்ளிங்கையும் விடுவித்துவிட்டோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நாங்கள் எல்லோரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம், மாமா சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஒருவர்தான் வாசல் படியில் உட்கார்ந்து படகைப் பார்த்தீர்கள். “நிறுத்துங்கப்பா, படகும் கூடவே வருதே!” பார்த்தால் படகின் பின்பக்கம் ஒரு பக்கமாக எழும்பிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸுக்கு அடியில் இடது மவுண்டிங் நட்டு கழற்றப்படாமலே இருந்தது, நான்தான் கழற்றினேன் என்று சத்தியம் செய்திருந்தேன். இன்னும் நாலு இழு இழுத்திருந்தால் அது பிய்ந்து எஞ்சின் ஊஞ்சலாடியிருக்கும். தொங்கும் பாரத்துக்கு அருகே யாரும் கை நீட்டக் கூடாது என்று மச்சான் கத்தியிருந்ததால் பிள்ளைகள் தள்ளி நின்றார்கள், அதுவும் ஒரு நல்ல காலம்.

வயர்களுக்கு ஒட்டிய டேப் எல்லாம் டீசல் பட்டு உரிந்துபோனபோது நகப்பூச்சால் அடையாளம் வைத்த என் மகளுக்கும், கழிவு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் கேனோடு காரேஜுக்குக் கொண்டுபோன பையனுக்கும் நன்றி. புளூ பே கடலின் பவளப் பாறைகள் பக்கத்தில்தானே இருக்கிறது.

ஹெட்டைத் திறந்து பார்த்தாயிற்று. மூன்று சிலிண்டர் பரவாயில்லை, ஒன்றில் பிஸ்டன் நின்ற இடத்தில் துரு வளையம். லேத்துக்காரர் பார்த்துவிட்டுச் சொல்வார்.

வருகிற ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாடு, எல்லோரும் வர வேண்டும். மாமா, படகின் அடிப்பள்ளத்தைத் துடைக்கும்போது உங்கள் 9/16 ஸ்பானர் கிடைத்தது, கழுவி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், அன்றைக்கு மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.