பக்கத்துக் கட்டில் தங்கச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அத்தை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இட்லி வேண்டாம், ரசம் சாதம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. என்ன நடந்தது என்பது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை.

நடுராத்திரியில் வண்டி எடுத்த ஆட்டோ அண்ணன், கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா, நெய்வேலியிலிருந்து ஓடிவந்த கொழுந்தனார், கைமாற்று கொடுத்துவிட்டு இதுவரை வாயே திறக்காத பூக்கடைக்காரர்கள், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அத்தையிடம் அடிவாங்கியும் முகம் சுளிக்காத நர்ஸம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, பக்கத்துக் கட்டிலில் தன் தாத்தாவுக்குத் துணையிருந்த பெண்ணுக்காக. மூளை அழற்சி பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தைக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் இருப்பது தெரிந்த விஷயம். அதனால் அவர் தூங்காமல் கத்தியபோதும், நான் சோற்றில் விஷம் வைத்ததாகச் சொன்னபோதும், 'நோய் முற்றிவிட்டது' என்றே எல்லோரும் சொன்னார்கள். முதலில் காட்டிய டாக்டரும் அதைத்தான் சொன்னார். இந்தப் பெண் மட்டும், "எப்பலேருந்துக்கா இப்படி?" என்று கேட்டார். போன வாரம்கூடப் பூ கட்டினார் என்றேன். "அப்ப இது அல்சைமர் மட்டும் இல்லக்கா. அது இப்படி ராத்திரியோட ராத்திரியா இறங்காது. யூரின் பார்த்தாங்களா? நான் டாக்டர் இல்ல, ஆனா கேளுங்க" என்றவர், முன்பு எப்படி இருந்தார், என்றைக்கு மாறினார், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்றெல்லாம் என்னிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைப் படித்ததும் சோதனைக்கு அனுப்பினார். சிறுநீர்த் தொற்று! காய்ச்சல்கூட இல்லை.

அன்று ராத்திரி அந்தப் பெண் வராண்டாவில் உட்கார்ந்து எனக்குப் பாடமே நடத்தினார். மூளைக்குள் மைக்ரோக்ளியா என்று காவல் செல்கள் இருக்கின்றனவாம். ஸ்பெயின் விஞ்ஞானி ரியோ ஒர்த்தேகா 1919-லேயே அடையாளம் காட்டியவை. அல்சைமர் வந்த மூளையில் இவை ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கும். உடம்பில் எங்கோ தொற்று வந்த சேதி ரத்தம் வழியாக எட்டினால் போதும், தபால்காரரைக் கண்ட தெருநாய் மாதிரி பாய்ந்துவிடும், அதுதான் மூளை அழற்சியாம். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் கிளைவ் ஹோம்ஸ், ஹியூ பெர்ரி குழுவினர் 300 அல்சைமர் நோயாளிகளை 6 மாதம் கவனித்து 2009-ல் வெளியிட்டார்களாம். இடையில் தொற்றோ காயமோ வந்தவர்களுக்கு ஞாபகமும் சிந்தனையும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாகக் குறைந்திருந்தது.

"சரி, அழற்சிக்கு மாத்திரை போட்டா நிக்காதா?" என்றேன். நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அல்சைமரைத் தடுக்க முடியவில்லை, நீங்களாக வலி மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். பொய்யாக ஒரு நம்பிக்கை தராமல் இருந்தாரே, அதற்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் வேலை செய்தது. அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முழுக்கப் பழையபடி இல்லை, நார் விரலில் சிக்கிக்கொள்கிறது. விஷம் வைத்ததாகச் சொன்னது அவருக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது, ஆனால் இப்போது வலிக்கவில்லை.

இனி அத்தை கேட்காவிட்டாலும் வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுப்பேன். எங்கள் தெருவில் எந்தப் பெரியவர் திடீரென்று தடுமாறினாலும், யார் சிரித்தாலும் சரி, "யூரின் பார்த்தீங்களா, டாக்டரைக் கேட்டீங்களா?" என்று கேட்கத்தான் போகிறேன்.

தங்கச்சி, தாத்தாவை வீட்டுக்கு அழைத்துப் போனதும் ஒரு போன் போடு. நீ டாக்டர் பட்டம் வாங்கும் அன்றைக்கு மாலை எங்கள் கடையிலிருந்துதான், இப்போதே சொல்லிவிட்டேன்.