84 என்ற எண்ணை நம்பியவர்களுக்கு

அன்புடையீர்,

கடந்த வாரம் என் மனைவி நடுவில் நிற்காமல் மாடிப்படி ஏறி, மொட்டைமாடியில் வடகம் பிழிந்துவிட்டு இறங்கி வந்தார். இரண்டு ஆண்டுகளாக முடியாதிருந்த அந்தக் காரியத்தைக் கண்ட கையோடு இம்மடலை எழுதுகிறேன். அந்த இரண்டு ஆண்டும் ஆஸ்துமா என்று நம்பி இன்ஹேலர் இழுத்தோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் தெரிந்த உருண்டை நிழல், ஆறிப்போன பழைய தழும்பு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிப் புலம்ப இது இடமில்லை.

முதல் நன்றி, மனைவியை மருத்துவமனையில் சேர்த்த அன்று இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கு. இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 84 காட்டியபோது, கருவி கோளாறாக இருக்கும் என்று தள்ளிவிடாமல், மருதாணி இல்லாத வேறொரு விரலில் மாட்டிப் பார்த்தார், படுக்கவைத்தும் பார்த்தார். படுத்தால் 91, எழுந்து உட்கார்ந்தால் மறுபடி 84. மூச்சுத் திணறுகிறவர்களுக்கு உட்கார்ந்தால்தானே ஆறுதல், இவருக்குத் தலைகீழாக இருக்கிறதே என்று அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்த வரியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அந்த வரியைப் படித்த நெஞ்சக மருத்துவர், சிறு வயதிலிருந்தே சில்லுமூக்கு உடையுமா என்று கேட்டு, உதட்டில் இருந்த செம்புள்ளிகளையும் பார்த்தார். என் மாமனாருக்கும் வாழ்நாள் முழுவதும் மூக்கில் இரத்தம் வந்தது. சூடு என்று சொல்லி நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தே காலத்தைக் கழித்துவிட்டார். இதற்கு ஆஸ்லர்–வெபர்–ரெண்டு என்ற பரம்பரை நோய்ப் பெயர் உண்டென்று அன்றுதான் அறிந்தோம். நுரையீரலுக்கு வரும் இரத்தம் மயிரிழை போன்ற தந்துகிகளில் புகுந்து, காற்றறைகளை ஒட்டிச் செல்லும்போதுதான் ஆக்சிஜனை ஏற்கும் என்றும், தமனியும் சிரையும் இடையில் தந்துகியின்றி நேராக இணைந்துவிட்டால் அந்த இரத்தம் காற்றின் முகத்தையே பாராமல் இதயத்தின் இடப்பக்கம் போய்ச் சேரும் என்றும், ஆகையால்தான் முகமூடி வழியாகக் கொடுத்த ஆக்சிஜனாலும் அளவு முழுதாக ஏறவில்லை என்றும் அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். கோளாறு நுரையீரலின் அடியில் இருப்பதால், நிமிர்ந்ததும் இரத்தம் அங்கேதான் அதிகம் இறங்குமாம்.

எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்த தம்பி, குலுக்கிய உப்புநீரைக் கை நரம்பில் செலுத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். நுரையீரலிலேயே தங்கிவிட வேண்டிய குமிழிகள், ஐந்து துடிப்புகளுக்குப் பின் இதயத்தின் இடது அறையில் கோலி சோடாவைப் போலப் பொங்கின. உடனே பொங்கியிருந்தால் இதயத்தில் ஓட்டையைச் சந்தேகிப்போம், தாமதித்ததால் வழி நுரையீரலில்தான் என்று பொறுமையாக விளக்கியதற்கு அவருக்கு நன்றி.

மார்பைக் கீறாமல், தொடையிடுக்குச் சிரை வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, உலோகச் சுருள்களால் அந்தத் தமனியை அடைத்த மருத்துவருக்கு எப்படி நன்றி சொல்வது? மறுநாள் காலை, காப்பி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தவரின் விரலில் 95 தெரிந்தது. இரத்தக்கட்டியும் கிருமியும் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகும் ஆபத்து உண்டென்பதால், பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் தர மறவாத எங்கள் ஊர்ப் பல் மருத்துவருக்கும் கடமைப்பட்டுள்ளேன்.

பிள்ளைகளுக்கும் இந்நோய் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டாம். அடுத்த மாதம் இருவரையும் பரிசோதனைக்கு அழைத்து வருகிறோம். சகோதரி, அன்று நீங்கள் பணியில் இருந்தால், என் மகளின் விரலில் நீங்களே மாட்டிப் பாருங்கள்.