பேப்பர் சுற்றிய பாட்டில்கள்

அடிலெய்டு, மார்ச்

அன்புள்ள குமரேசா,

முதலில் திட்டி முடித்துவிட்டு மேலே படி. எட்டு மாதமாகப் பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் கைவசம் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பழனிச்சாமி சொன்னான். சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம்.

விஷயம் இதுதான். போன மாதம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே என் மானம் போனது. மலிவு ஒயினெல்லாம் காடி, குடித்தால் பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயின்தான் என்று நான் அளப்பது உனக்குத் தெரியுமே. மகளுக்குப் பொறுக்கவில்லை. நாலு சிவப்பு, மூணு வெள்ளை, எல்லாம் 15 டாலருக்குள். பேப்பரில் சுற்றி, நம்பர் போட்டு, "இப்பச் சொல்லுங்கப்பா" என்றாள்.

என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். 2: "சாம்பாரில் வெல்லம் கூடிப்போன மாதிரி. தொண்டை எரிகிறது." 4: "நாவல்பழம், மிளகு, கடைசியில் பாக்கு மென்ற துவர்ப்பு. இதுதான் பரோசா!" பேப்பரைப் பிரித்தால் பரோசா 2-ஆம் நம்பர். நான் கொண்டாடிய நாலு, ரிவர்லேண்ட் என்கிற ஆற்றோரப் பகுதியின் ஷிராஸ், 9 டாலர். கெமிஸ்ட்ரி லேபில் நீ உப்பைக் கண்டுபிடித்த அழகுதான் ஞாபகம் வந்தது. சிரிக்காதேடா.

பரோசாவுக்காக ஒரு வார்த்தை. சிவப்பை ரூம் சூட்டில் குடிக்கணும் என்பார்கள். அது ஐரோப்பாக்காரன் ரூம். என் ரூம் அன்றைக்கு 30 டிகிரி. 14.5 சதவீத ஆல்கஹால் சரக்கு அந்தச் சூட்டில் நேராக மூக்கில் ஏறாமல் என்ன செய்யும்? மிச்சத்தை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தேன். ஆளே வேறு. வெள்ளைக்கு இதன் நேர்மாறு. கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்கிற வெள்ளையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மோந்தால் ஒன்றுமில்லை; கால் மணி கழித்து எலுமிச்சைத் தோலைக் கிள்ளின வாசம். ஹன்டர் பள்ளத்தாக்குப் பக்கத்து செமியோன் என்கிற வெள்ளையில் ஆல்கஹால் 11 சதவீதம்தான், மீன் வறுவலுக்கு அதை அடிக்க ஆளில்லை.

கடைசி வெள்ளை, தள்ளுபடி விலைத் தட்டில் கிடந்த பழைய ரீஸ்லிங். மல்லிகா மோந்துவிட்டு, "ரேஷன் கடை மண்ணெண்ணெய்" என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் சொன்னதுதான் சரி! வயசான ரீஸ்லிங்குக்கு அந்த வாசம் உண்டு, அதற்காகவே தேடி வாங்குகிறவர்களும் உண்டு. கிளேர்காரர்கள் 2000-இல் கூட்டாகக் கார்க்கை விட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். அந்த மூடிதான் இதையும் கெடாமல் காப்பாற்றியிருக்கிறது.

அந்த 9 டாலர் பாட்டில் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. போன சனிக்கிழமை ரிவர்லேண்டில் ரென்மார்க் பக்கம் வண்டியை விட்டேன். ஒரு தோட்டத்தில் ஷிராஸ் கொத்துக் கொத்தாகக் கொடியிலேயே காய்ந்து தொங்குகிறது. "பறிக்கிற மெஷின் வாடகைக்கே விலை கட்டலை" என்றார் தோட்டக்காரர். ஒரு டன் பழத்தில் ஏறக்குறைய 700 லிட்டர் ஒயின் வரும், குமரேசா! 2021-இல் சீனா ஆஸ்திரேலிய ஒயினுக்கு 218 சதவீதம் வரை வரி போட்டது. 2024-இல் எடுத்துவிட்டது, ஆனால் அதற்குள் இங்கே விற்காத ஒயினால் தொட்டியெல்லாம் தளும்பிவிட்டது. ஜனங்கள் குடிப்பதும் குறைந்துவிட்டது.

உங்கப்பா ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை கேட்டுவிட்டு, பேசாமல் வண்டியைத் திருப்பி ரோட்டோரம் தக்காளியைக் கொட்டச் சொன்னாரே. நாம் ரெண்டு பேரும் கூடையை உதறினோம். வீடு வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. இந்த மனுஷன் முகமும் அப்படித்தான் இருந்தது. அவரிடமே ஒரு டஜன் வாங்கிவந்தேன். அது உதவியா, என் மனசுக்கு நானே போட்டுக்கொண்ட களிம்பா, தெரியவில்லை. அக்ரி படித்தவன் நீ, சொல்லு.

ஜூனில் வருவது நிச்சயம்தானே? அம்மா ஊறுகாய் கட்டிக்கொடுத்தால் ஏர்போர்ட் கார்டில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று மறைக்காமல் டிக் அடி. ஒரு பரோசாவையும் ஒரு ரிவர்லேண்டையும் பேப்பர் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். நீயும் தோற்கணும்.

உன்,
ரவி