காற்றுவாக்கில் வந்த செய்தி

திருச்சிராப்பள்ளி

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். சென்ற கோடையில் டெட்ராய்ட்டில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் இயங்கிய மேற்கு கிராண்ட் பூல்வார்டின் 2648ஆம் எண் வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, காரில் நீ ஒரு தீர்ப்புச் சொன்னாய். ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ பாட்டு என்றால் அது மார்வின் கே பாடியதுதான், கிளாடிஸ் நைட் பாடியது அதற்கு ஒத்திகை என்றாய். அன்று நான் வாய் திறக்கவில்லை. இரண்டையும் காதார ஒருமுறைகூடக் கேட்காதவன் வழக்காடக் கூடாது என்று இருந்துவிட்டேன். நீ அனுப்பிய பதிவுகளை இந்த மூன்று மாதங்களில், உன் அம்மா சலித்துக்கொள்ளும் அளவுக்குக் கேட்டாகிவிட்டது. ஆகவே இப்போது பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஒத்திகை என்பது காலக் கணக்கின்படியே பொருந்தாது. காதலில் நேர்ந்த துரோகத்தைப் பிறர் வாயால் கேட்டறிந்தவர் பாடுவதாக நார்மன் விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் இயற்றிய இந்தப் பாட்டை, 1966 ஆகஸ்டில் ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழு பாடியது. 1967இன் தொடக்க மாதங்களில் மார்வின் கே பாடினார். அதற்குப் பிறகுதான் கிளாடிஸ் நைட்டும் அவருடைய பிப்ஸ் குழுவினரும் பாடினார்கள். ஆனால் உலகம் கேட்டது வேறு வரிசையில். கிளாடிஸின் இசைத்தட்டு 1967 செப்டம்பரில் கடைக்கு வந்துவிட்டது. மார்வினுடையது தனித்தட்டாக வர 1968 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், இவர்கள் எல்லோரும் பாடிய மோட்டவுன் நிறுவனத்தின் முதலாளி பெர்ரி கோர்டி. இளமையில் லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் வேலை பார்த்த அந்த மனிதர், உன் தொழிற்சாலையில் இருப்பதைப் போலவே பாட்டுக்கும் ஒரு தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் வைத்திருந்தார். மிராக்கிள்ஸ் பாடியதும் மார்வின் பாடியதும் அவரிடம் தேறவில்லை. பின்னர் மார்வினின் பல பாட்டுகள் அடங்கிய ஒரு நெடுந்தட்டில் இந்தப் பாட்டை நடுவில் எங்கோ செருகி வெளியிட்டார்கள். வானொலி அறிவிப்பாளர்கள் அதை அந்தத் தட்டிலிருந்தே எடுத்து ஒலிபரப்பத் தொடங்கிய பிறகுதான் தனித்தட்டு வந்தது. வந்ததும் அமெரிக்கப் பட்டியலில் தொடர்ந்து ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. கார் ஆலையின் கண்ணுக்குக்கூடச் சில நேரம் நல்ல வண்டி தப்பிவிடுகிறது.

இந்தப் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டதற்கு என் பழைய தந்தி வேலையும் ஒரு காரணம். ‘திராட்சைக்கொடி வழியாகக் கேட்டேன்’ என்று அவர்கள் சொல்வதை நாம் ‘காற்றுவாக்கில் காதில் விழுந்தது’ என்போம். அமெரிக்காவில் தந்திக் கம்பிகள் பரவிய காலத்தில், கம்பியில்லாமல் வாய்வழியே பரவும் செய்திக்கு ‘திராட்சைக்கொடித் தந்தி’ என்று பெயர் வந்தது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், உள்நாட்டுப் போரின் போக்கைத் தோட்டங்களில் இருந்த அடிமைகள் இந்தத் தந்தியின் மூலமாகவே அறிந்துகொண்டார்கள் என்று 1901இல் வெளியான தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். எழுதப் படிக்க விடப்படாதவர்களின் செய்தித்துறையிலிருந்து வந்த சொல், நூறாண்டு கழித்து ஒரு காதல் பாட்டின் பல்லவியாயிற்று. மோர்ஸ் கருவியின் முன் உட்கார்ந்திருந்த காலத்தில், மறுமுனையில் தட்டுபவர் யாரென்று அவர் பெயர் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். செய்தி ஒன்றாகவே இருந்தாலும் ஒருவர் கோட்டை இழுப்பார், மற்றொருவர் புள்ளியை விழுங்குவார். அதை அவருடைய ‘கை’ என்போம். இந்த மூன்று பதிவுகளையும் அந்தக் காதோடுதான் கேட்டேன்.

மிராக்கிள்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்மோக்கி ராபின்சனின் குரல் பட்டுப் போன்றது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் துரோகச் செய்தி காதில் விழுந்த மனிதனுக்கு அவ்வளவு இனிமை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கிளாடிஸ் நைட் வேறு வகை. அட்லாண்டாவில் பிறந்து, சிறு வயதிலேயே தேவாலயத்தில் பாடிப் பழகியவர். அண்ணனும் ஒன்றுவிட்ட சகோதரர்களுமே அவருடைய பிப்ஸ் குழுவினர். அரீத்தா ஃப்ராங்க்ளின் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ 1967இல் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தபோது, அதை மிஞ்சும் வேகத்தோடு ஒன்று வேண்டும் என்று விட்ஃபீல்ட் இந்தப் பாட்டைப் புதிதாக அடுக்கினார் என்பார்கள். கேட்டால் அது உண்மைதான் என்று தெரிகிறது. மேளமும் தம்புரினும் ஓட, பியானோ தேவாலயத்துப் பியானோவாகத் துள்ள, அவர் பாடும் ஒவ்வொரு வரிக்கும் பின்னாலிருந்து ஆண்கள் பதில் குரல் கொடுக்கிறார்கள். அந்தப் பதில் குரலைக் கவனித்துக் கேள். அவர் தனியாக வரவில்லை. அண்ணன்மாரை அழைத்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறார். சொற்களிலும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. என் கண்ணில் வடியும் கண்ணீரை நன்றாகப் பார் என்று கிளாடிஸ் அவனிடம் சொல்லும் இடத்தில், ஆண்பிள்ளை அழக் கூடாதென்று எனக்குத் தெரியும், ஆனாலும் அடக்க முடியவில்லை என்கிறார் மார்வின். கிளாடிஸுக்குக் கண்ணீர் சாட்சி. மார்வினுக்கு அது குற்றம். ஒரே மெட்டில் ஒரே இடத்தில் நிற்கும் இந்த இரண்டு வரிகள் இரண்டு வழக்குகளாகிவிடுகின்றன.

மார்வின் கே பாடியதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்தத் தொடக்கமே போதும். மின்பியானோ மெல்ல, சந்தேகம் நுழைவதைப் போல நுழைகிறது. அடியில் ஏதோ ஒன்று பாம்பு வாலாட்டுவதைப் போலச் சலசலக்கிறது. பிறகு தந்தி வாத்தியங்கள் எழுந்து சூழ்ந்துகொள்கின்றன. டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவினரே வந்து அந்தத் தந்திகளை வாசித்தார்கள் என்று நீதான் சொன்னாய். மார்வினுக்கு வசதியான சுருதியைவிட உயர்ந்த சுருதியில் பாடும்படி விட்ஃபீல்ட் வற்புறுத்தியிருக்கிறார். ஆகையால் மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிடிக்கும் இடத்தில் கொஞ்சம் கிழிகிறது. வேறு எந்தப் பாடகரிடமும் இதைக் குறையென்றே சொல்லியிருப்பேன். இங்கே அந்தக் கிழிசலில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. பின்னால் வரும் ஆண்டாண்டஸ் என்ற பெண்கள் குழுவின் குரல், பிப்ஸைப் போல அவருக்குப் பக்கபலமாக நிற்பதில்லை. அது ஊர் வாய். கிணற்றடியில் பேசிக்கொள்ளும் பெண்களின் பேச்சைப் போல, அவர் எங்கே திரும்பினாலும் அது அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இருவரும் பாடும் ஓர் அடியில் ஒரு பழமொழி வருகிறது. கண்ணால் காண்பதில் பாதியை நம்பு, காதால் கேட்பதில் எதையும் நம்பாதே என்பது அதன் கருத்து. நம்மிடமும் அது உண்டு அல்லவா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்போம். அவர்கள் பழமொழியில் அந்த மூன்றாவது பகுதி இல்லை. அந்த இல்லாத பகுதியை வைத்துத்தான் இந்த இரண்டு பதிவுகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடிகிறது. மார்வின் இன்னும் விசாரிக்கவில்லை. அவளிடம் பேசுவதைப் போலப் பாடுகிறாரே தவிர, அவள் எதிரில் இருப்பதாக எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து, நாளை கேட்கப்போகும் கேள்வியை மனத்துக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கும் மனிதன் அவர். கிளாடிஸ் விடியும்வரை காத்திருக்கவில்லை, கதவைத் தட்டியாகிவிட்டது. உன் அம்மா இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்: “அந்தப் பெண் நியாயம் கேட்க வந்திருக்கிறாள். அந்த ஆள் திண்ணையில் உட்கார்ந்து புலம்புகிறான்.” புலம்பல் என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. அதற்காக அன்று காபி ஆறும்வரை வாதாடினோம்.

இப்படிப் பார்த்தால், யார் பாடியது உயர்ந்தது என்ற உன் தீர்ப்பில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒலியின் அடர்த்தியில், ஒரு மனநிலையை மூன்றே கால் நிமிடத்துக்குள் இறுக்கிக் கட்டும் திறத்தில், மார்வினின் பதிவுக்கு நிகரில்லை. ஆனால் கிளாடிஸ் அதற்கு முந்திய படி அல்ல. அவருடைய தட்டு பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஓராண்டு கழித்து அதே நிறுவனம், அதே தயாரிப்பாளர், அதே பாட்டை மற்றொரு குரலில் வெளியிட்டு அவரை மறக்கடித்தபோது அவர் மனம் நொந்ததில் எனக்கு வியப்பில்லை. பின்னாளில் 1981இல் ரோஜர் என்பவர் குழாய் வழியே குரலை இயந்திரமாக்கிப் பாடி, அவரும் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அந்தப் பதிவையும் அனுப்பியிருந்தாய். இரண்டு முறை கேட்டேன், போதும் என்று தோன்றியது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் ஒரு நாள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். ஆனால் கடைக்கு வந்த வரிசையில் வேண்டாம். பாடப்பட்ட வரிசையில், முதலில் மார்வின், உடனே கிளாடிஸ் என்று கேள். அந்த மின்பியானோ அடங்கிய மௌனத்துக்குப் பிறகு, அவருடைய மேளம் கதவைத் தட்டுவதைப் போல வந்து விழும்போது உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். அம்மாவிடம் முதலில் சொல்லிவிடாதே. அவள் ஏற்கெனவே கிளாடிஸ் கட்சி.

அன்புடன்,
அப்பா