கீபோர்டு கெடவில்லை, டாங்கிள் சொருகிய இடம்தான் சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டுக்கோட்டையில் இருபது வருடமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது கை கீபோர்டில்தான் இருக்கும். போன இரண்டு மாதமாக அந்தக் கீபோர்டும் மவுஸும் என்னைப் படுத்திய பாட்டை எழுதினால், இதே தொல்லையில் மாட்டிக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது செட் வாங்கிக்கொண்டிருக்கும் யாருக்காவது காசு மிச்சமாகுமே என்றுதான் இந்தக் கடிதம். புது போன் வந்தால் பத்திரிகைகளில் அரைப் பக்கம் வருகிறது, இந்த மாதிரி அன்றாடத் தலைவலிக்கு ஒரு ஓரம் கொடுக்கக் கூடாதா?

மேசையில் வயர் சிக்கல் வேண்டாம் என்று ஒயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் சேர்ந்த செட் ஒன்று வாங்கினேன். அவை அனுப்பும் சமிக்ஞையை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க, கட்டைவிரல் நகம் அளவுக்கு டாங்கிள் என்று ஒன்று கூட வரும், அதை சிபியூவின் பின்பக்கம் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. முதலில் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் மவுஸின் அம்பு திரையில் நொண்ட ஆரம்பித்தது. இங்கே நிற்கும், கொஞ்சம் பொறுத்து அங்கே குதிக்கும். அதையாவது சகித்துக்கொள்ளலாம், கீபோர்டு எழுத்தை விழுங்க ஆரம்பித்ததுதான் பெரிய வினையாகப் போயிற்று.

நான் தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் தட்டுகிறவன். அதில் ‘பட்டா’ என்று வர வேண்டுமானால் ‘ட’வை இரண்டு தடவை தட்ட வேண்டும், புள்ளி தானாக விழும். இரண்டில் ஒரு தட்டு காற்றோடு போய்விட்டால் ‘படா’ என்று நிற்கும். ‘மனு’வில் கடைசித் தட்டு போனால் ‘மன’. ஆங்கிலத்தில் எழுத்து விட்டுப்போனால் அடியில் சிவப்புக் கோடு காட்டிக்கொடுக்கும், நம் தமிழில் என் கணினியில் அந்த வசதியெல்லாம் கிடையாது. இன்னொரு கூத்தும் உண்டு. பொத்தானை அழுத்திய செய்தி போய்ச் சேர்ந்து, விரலை எடுத்த செய்தி மட்டும் சேராமல் போனால், நாம் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ‘ன்னன்னன்ன’ என்று ஒரு வரி முழுக்க இழுத்துவிடும்.

பட்டா மாறுதலுக்கு மனு அடிக்க ஒரு பெரியவர் வந்தார். அடித்துக் கொடுத்த தாளை வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, “தம்பி, படா மாறுதல்னு போட்டிருக்கீங்களே, நான் என்ன அவ்வளவு படா ஆளாவா தெரியுறேன்?” என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அன்று காலையில் மட்டும் நாலைந்து மனு அடித்து அனுப்பியிருந்தேன். அதில் எங்கெங்கே எது விட்டுப்போனதோ!

முதலில் கீபோர்டு, மவுஸின் பேட்டரி செல்லை மாற்றினேன். எல்லாரும் அதைத்தானே செய்வோம். மாற்றியது நல்லதுதான், ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. செட்டை வாங்கிய கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே அவர்களுடைய கம்ப்யூட்டரில் சொருகிக்கூடப் பார்க்காமல், “கீபோர்டு போச்சு சார், இதெல்லாம் அவ்வளவுதான் வரும், வேற எடுத்துக்குங்க” என்று கையில் இன்னொரு பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். நானும் வாங்கி வந்தேன். பழைய செட் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று, பிளாஸ்டிக் விலைக்கு.

புது செட் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெண்ணெய் மாதிரி ஓடியது. திங்கட்கிழமை மறுபடி அதே நொண்டல்.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் கடையில் வேலை பார்க்கும் பெண். “அண்ணே, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டினா மவுஸ் நல்லா ஓடுதுண்ணே” என்றது. ஹார்ட் டிஸ்க்குக்கும் மவுஸுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று நான் கேலி பேசினேன். அது விடவில்லை. கழற்றிக் காட்டியது, ஓடியது. மாட்டிக் காட்டியது, நொண்டியது. மூன்று தடவை அதே கதை. வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை, கடை ஃபைல்களை எல்லாம் நகல் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டுவது வழக்கம். மாட்டினால் அப்படியே மூன்று நாள் கிடக்கும், எனக்கு அதைக் கழற்றி வைக்கும் ஒழுங்கு கிடையாது. அது மாட்டியிருந்த நீல நிற ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டையில்தான் டாங்கிள்.

அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சிபியூவில் உள்ளே நீலமாகத் தெரியும் ஓட்டைகள் வேகமான யுஎஸ்பி 3.0 வகை, கறுப்பு ஓட்டைகள் பெரும்பாலும் பழைய 2.0 வகை. விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தகவல் பாயும் போது அந்த ஓட்டை, கேபிள், ஹார்ட் டிஸ்க் மூன்றிலிருந்தும் ஒரு ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் விழும் இடத்தில்தான் ஒயர்லெஸ் மவுஸ், கீபோர்டு பேசிக்கொள்ளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் இரைச்சல் சுமார் 20 டெசிபல் ஏறுகிறது என்று அந்த அறிக்கை சொல்கிறது, 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. நம் மவுஸ் அனுப்பும் சமிக்ஞையோ ஒரு மில்லிவாட் கணக்கில். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டு காதோடு ரகசியம் பேசுகிற மாதிரிதான். பேசுகிறவன் மேலும் குற்றமில்லை, கேட்கிறவன் காதும் பழுதில்லை.

இதற்கு வைத்தியம் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ஒரு முனையை சிபியூவின் முன்பக்கம் இருக்கும் கறுப்பு ஓட்டையில் சொருகி, மறுமுனையில் டாங்கிளை மாட்டி, மானிட்டரின் அடி ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கீபோர்டுக்கும் டாங்கிளுக்கும் இப்போது ஒரு சாண் தூரம், நடுவில் இரும்புப் பெட்டி இல்லை. முன்பு மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்த பின்பக்கத்தில், ஒரு தகரப் பெட்டியைத் தாண்டி அந்தச் சின்ன சமிக்ஞை போக வேண்டியிருந்தது, ஹார்ட் டிஸ்க் இல்லாமலேயே அது பாதி செத்துத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். கேபிள் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் என்று கேட்டதற்கு எனக்கு முதலில் பிரிண்டர் கேபிளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், மறுமுனை சதுரமாக இருந்தது. டாங்கிள் உள்ளே நுழைகிற மாதிரி முனை இருக்கிறதா என்று கையில் டாங்கிளை வைத்துக்கொண்டே பார்த்து வாங்குங்கள். சாதாரண 2.0 கேபிளே போதும்.

கேபிள் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கறுப்பு ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே அது பழைய 2.0 வேகத்தில்தான் ஓடும், நகல் எடுக்க நேரமாகும், ஆனால் இந்த இரைச்சல் வராது. டாங்கிளை மட்டும் நீலத்திலிருந்து பக்கத்துக் கறுப்புக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று என்னைத் திட்டாதீர்கள். நிறத்தை விட இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம்.

எல்லா நொண்டலுக்கும் இதுவேதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். என் அனுபவம் ஊரில் பரவியதும் ஆளாளுக்கு வந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதில் இரண்டு சொல்கிறேன். ஒரு ஆசிரியர் வீட்டில் டாங்கிளே கிடையாது, புளூடூத் கீபோர்டு. புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், மதர்போர்டிலேயே வைஃபையும் புளூடூத்தும் உண்டு. ஆனால் அறைக்குள்ளேயே, இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் கீபோர்டு அறுந்துபோகிறது. பின்னால் போய்ப் பார்த்தால் ஆன்டெனா மாட்டும் இரண்டு பித்தளை முனைகள் மொட்டையாக நிற்கின்றன. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன், அதற்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இரண்டு ஆன்டெனாவும் பத்திரமாக இருந்தன. “வைஃபை நமக்கு வேணாம் சார், கேபிள் நெட்டுதானே போடப்போறோம், அதான் மாட்டல”, இப்படித்தான் அசெம்பிள் செய்தவர் சொன்னாராம். புளூடூத்தும் அதே ஆன்டெனா வழியாகத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. திருகி மாட்ட அரை நிமிடம் ஆனது.

இன்னொருவருக்கு வேறு மாதிரி. வேலை பார்க்கும்போது எந்தத் தொல்லையும் இல்லை, டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மவுஸ் செத்துக் கிடக்கும், டாங்கிளைப் பிடுங்கிச் சொருகினால் உயிர் வரும். இது விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யுஎஸ்பி ஓட்டையையே தூங்க வைத்துவிடுவதால் வருவது. டிவைஸ் மேனேஜரில் போய், கடைசியில் இருக்கும் யுஎஸ்பி பகுதியைத் திறந்து, ரூட் ஹப் என்று இருப்பதை இரண்டு தடவை கிளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இருப்பதையும் அணைத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் இதனால் கரண்ட் பில் ஒன்றும் எகிறிவிடாது. இதற்கும், கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் மவுஸ் தானாகத் தூங்கி, தட்டியதும் ஒரு விநாடியில் எழுந்துகொள்கிறதே, அதற்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது செல் தீராமல் இருப்பதற்காக மவுஸே செய்துகொள்வது.

சிலர் ரவுட்டரை சிபியூவின் தலையிலேயே தூக்கி வைத்திருக்கிறார்கள், சாமி படத்துக்குப் பக்கத்தில் விளக்கு வைக்கிற மாதிரி. வைஃபையும் அதே 2.4-ல் பேசக்கூடியது என்பதால் அதை நாலடி தள்ளி வையுங்கள், முடிந்தால் போனையும் லேப்டாப்பையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். செல் போடும் குழியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுரண்டிவிடுங்கள். கண்ணாடி போட்ட மேசையில் மவுஸ் குதித்தால் அடியில் ஒரு தாளைப் போட்டுப் பாருங்கள், அதற்கும் சிக்னலுக்கும் தொடர்பே இல்லை. இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் யாரிடமாவது வயர் வைத்த மவுஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிவிடுங்கள். அதுவும் சேர்ந்து நொண்டினால் மவுஸ் மேல் பழி இல்லை, கம்ப்யூட்டர்தான் மூச்சு வாங்குகிறது.

என் கோபம் எல்லாம் இதில்தான். பெட்டிக்குள் ஒரு தாள் வருகிறது, கடுகு அளவு எழுத்தில், பத்துப் பதினைந்து மொழியில். நான் வாங்கிய இரண்டு பெட்டியிலும் தமிழ் இல்லை. சரி, இருக்கும் மொழியிலாவது டாங்கிளை எங்கே சொருகுவது, எதன் பக்கத்தில் சொருகக் கூடாது என்று ஒரு வரி உண்டா என்றால் அதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் சொருகு, பயன்படுத்து, அவ்வளவுதான். ஆனால் விலை கூடிய கேமிங் மவுஸ் சிலவற்றின் பெட்டியில் டாங்கிளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதற்கென்றே ஒரு கேபிளும் சேர்த்துத் தருகிறார்கள். அப்படியானால் தயாரிப்பவர்களுக்கு விஷயம் நன்றாகவே தெரியும்! ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பிள்ளைக்குச் சொல்வதை, மனு அடிக்கிற கடைக்காரனுக்கும் ஒரு வரியில் சொன்னால் என்ன குறைந்துபோகும்? நம் ஊரில் விற்கும் பெட்டியின் மேல் தமிழில் ஒரு வரி அச்சடிப்பது பெரிய செலவு இல்லை.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நானும் கடைக்காரன்தான், வியாபாரம் ஆனால்தான் அடுப்பு எரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பழுது என்று கொண்டுவந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் சொருகிப் பாருங்கள், டாங்கிள் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் அந்தக் கேபிளையாவது உங்களிடம்தானே வாங்கப்போகிறார்.

அந்தப் பெரியவர் மறுபடி வந்து, திருத்திய மனுவை வாங்கிப் போய்விட்டார். இந்த முறையும் விரல் வைத்துத்தான் படித்தார்.

இப்படிக்கு,
டிடிபி கடை வைத்திருக்கும் வாசகன்,
பட்டுக்கோட்டை.

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டு மேசை டிராயரைக் கிளறினால், இரும்புக் கடைக்குப் போட்ட முதல் செட்டின் டாங்கிள் கிடைக்கிறது. நல்ல கீபோர்டைத் தூக்கிப் போட்டதும் இல்லாமல், டாங்கிளைக் கொடுக்காமல் போட்டிருக்கிறேன். விலை குறைந்த செட்டுகளில் டாங்கிளும் கீபோர்டும் ஜோடி சேர்ந்தே வரும், வேறு டாங்கிளோடு பெரும்பாலும் சேராது. பட்டுக்கோட்டைப் பக்கம் யாராவது அந்தக் கறுப்புக் கீபோர்டை வாங்கியிருந்தால் கடைக்கு வாருங்கள், டாங்கிளை எடுத்து வைத்திருக்கிறேன், காசு வேண்டாம்.