விசாரணைக் காட்சிகளே படத்தின் உயிர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வழக்கறிஞர்களை மையமாகக் கொண்ட திரைப்படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதிகம் பேசப்படாத ஒரு படவகையை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்காக நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால், 1990-இல் வெளியான 'பிரிசூம்டு இன்னசென்ட்' என்ற அமெரிக்கப் படத்தின் விசாரணைக் காட்சிகள் தொய்வாக இருப்பதாகவும், கடைசி நேரத் திருப்பம்தான் அந்தப் படத்தைக் காப்பாற்றுவதாகவும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குற்றவியல் வழக்குகளில் வாதாடுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தப் படத்தின் உயிரே விசாரணைக் காட்சிகளில்தான் இருக்கிறது என்று உறுதியாகக் கருதுகிறேன். அதற்கான காரணங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரஸ்டி சாபிச் (ஹாரிசன் ஃபோர்டு) ஓர் அரசு வழக்கறிஞர். அதே அலுவலகத்தில் பணியாற்றிய கரோலின் போல்ஹீமஸ் என்ற பெண் வழக்கறிஞர் கொலை செய்யப்படுகிறார். அந்த வழக்கைக் கவனிக்கும் பொறுப்பு ரஸ்டியிடமே ஒப்படைக்கப்படுகிறது. கொலையுண்டவரோடு தமக்கு இருந்த உறவு பற்றி அவர் வாய் திறப்பதில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுத் தரப்பின் தலைமை வழக்கறிஞர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். ரஸ்டியின் மேலதிகாரி தேர்தலில் தோற்றுப்போக, புதிதாகப் பதவிக்கு வந்தவர்கள் ரஸ்டியின் மீதே கொலைக் குற்றத்தைச் சுமத்துகிறார்கள். நேற்றுவரை குற்றம் சாட்டும் மேசையில் அமர்ந்திருந்தவர், அதே நீதிமன்றத்தில், எதிர் மேசையில் குற்றம் சாட்டப்பட்டவராக வந்து உட்கார வேண்டியதாகிறது.

இந்தக் கதையை 1987-இல் நாவலாக எழுதிய ஸ்காட் டரோ, சிகாகோவில் கூட்டாட்சி அரசின் வழக்கறிஞராகப் பணிபுரிந்தவர். 1980-களில் அந்த நகர நீதிமன்றங்களில் லஞ்சம் வாங்கிய நீதிபதிகள் மீது 'கிரேலார்டு' என்ற பெயரில் நடந்த பெரும் விசாரணையிலும் அவர் பங்காற்றியிருக்கிறார். நீதிமன்றத்தை வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எழுதுபவருக்கும் அதற்குள்ளேயே உழன்றவருக்கும் உள்ள வேறுபாடு கதை முழுவதும் தெரிகிறது. இயக்குநர் ஆலன் ஜே. பக்குலாவும் அந்த அனுபவ அறிவை வணிகத்துக்காக நீர்த்துப்போக விடவில்லை. படம் தொடங்கும்போது நாம் காண்பது ஆளில்லாத ஒரு நீதிமன்ற அறை. ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்வதற்காகப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், அமரும் வெற்று நாற்காலிகளை நோக்கிக் கேமரா மெல்ல நகர்கிறது. குற்றம் சாட்டுவதுதான் தம் வேலை என்று ரஸ்டியின் குரல் கேட்கிறது. கொலையையோ ரத்தத்தையோ துரத்தலையோ காட்டித் தொடங்காமல், தீர்ப்பு சொல்லப்போகிறவர்களின் இருக்கைகளைக் காட்டித் தொடங்கியதிலேயே, இந்தப் படம் எதைப் பற்றியது என்பதை இயக்குநர் அறிவித்துவிடுகிறார்.

கட்டுரையாளர் தொய்வு என்று குறிப்பிட்ட பகுதிக்கு வருகிறேன். அரசுத் தரப்பின் வழக்கு பெருமளவு தடயங்களை நம்பி நிற்கிறது. கரோலினின் வீட்டில் கிடைத்த ஒரு கண்ணாடித் தம்ளரில் ரஸ்டியின் விரல் ரேகைகள் இருந்தன என்பது அவற்றில் முக்கியமானது. விசாரணை நடக்கும்போது அந்தத் தம்ளரைக் காணவில்லை. ரேகை நிபுணரின் அறிக்கை இருக்கிறது, ஆனால் பொருள் இல்லை. ரஸ்டிக்காக வாதாடும் வழக்கறிஞர் சாண்டி ஸ்டெர்ன் (ரவுல் ஜூலியா) குரலை உயர்த்துவதில்லை. அந்தத் தம்ளரைக் கொண்டுவாருங்கள், நாங்கள் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறார். அரசுத் தரப்பால் கொண்டுவர முடியவில்லை. ஒரு தடயப் பொருள் கைப்பற்றப்பட்ட இடத்திலிருந்து நீதிமன்ற மேசைக்கு வந்து சேரும்வரை யார் யார் கையில் இருந்தது என்ற கணக்கு அறுந்துபோனால், வழக்கின் அடித்தளமே எப்படி ஆட்டம் காணும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொரு திரைக்காட்சியை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரை ஸ்டெர்ன் குறுக்கு விசாரணை செய்யும் காட்சி. இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில் கருத்தடை ஜெல்லி இருந்தது என்பது மருத்துவரின் சாட்சியம். ஸ்டெர்ன் அவரை மிகுந்த மரியாதையோடு நடத்துகிறார். ஒவ்வொரு பதிலையும் அவர் வாயாலேயே உறுதிசெய்துகொண்டு, பின்வாங்குவதற்கான வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார். அதன் பிறகே, கரோலினுக்கு ஏற்கெனவே கருத்தடை அறுவை சிகிச்சை நடந்திருந்தது என்ற விவரத்தை முன்வைக்கிறார். அப்படிப்பட்டவருக்கு அந்த ஜெல்லி எதற்கு? அப்படியென்றால் பரிசோதிக்கப்பட்ட மாதிரி யாருடையது? இந்தக் கேள்விகள் எழுந்ததும் மருத்துவரின் முகம் மாறுகிறது, ஜூரிகளின் முகமும் மாறுகிறது. நல்ல குறுக்கு விசாரணை என்பது சத்தம் போடுவதில் இல்லை, கேள்விகளை அடுக்கும் வரிசையில் இருக்கிறது என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதை அப்படியே கண்முன் நிறுத்தும் இந்தக் காட்சியைத் தொய்வு என்று ஒதுக்கியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

மேலும், வழக்கறிஞரே குற்றம் சாட்டப்பட்டவராக இருக்கும் கதைகளில் அவர் தாமே எழுந்து தம் வழக்கை வாதாடி வெல்வது வழக்கமான சூத்திரமாகிவிட்டது. அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிக்கவே செய்கிறது. தம் வழக்கைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1975-இல் உறுதிப்படுத்தியது. ரஸ்டியோ, இத்தனை காலம் எதிரே நின்று வாதாடிய ஸ்டெர்னையே தமக்காக நியமித்துக்கொள்கிறார். சட்டம் முழுவதும் தெரிந்த ஒருவர், தம் வாழ்வையே முடிவுசெய்யும் கேள்விகளை இன்னொருவர் கேட்க, பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார். அவர் சாட்சிக் கூண்டில் ஏறுவதும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியம் அளிக்காததையே அவருக்கு எதிரான வாதமாக ஜூரிகளிடம் முன்வைக்கக் கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் 1965-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பலர் இந்த உரிமையைப் பயன்படுத்துவதை ரஸ்டி எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவர். இப்போது அதன் நிழலில் அவரே ஒதுங்க நேர்கிறது. ஹாரிசன் ஃபோர்டு தம் வழக்கமான வீர நாயகச் சாயலைக் கைவிட்டு, இறுகிய முகத்தோடு இந்தப் பாத்திரத்தைச் செய்திருப்பதை அக்காலத்தில் சிலர் குறையாகச் சொன்னதுண்டு. பேசத் தெரிந்தவன் பேசக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது முகம் வேறெப்படி இருக்கும்?

அரசுத் தரப்பின் கடமை பற்றியும் இந்தப் படம் தீவிரமாக யோசிக்க வைக்கிறது. அரசு வழக்கறிஞர் வெறும் வாதியல்லர், வழக்கில் வெல்வதைவிட நீதி நடப்பதே அவருடைய அக்கறையாக இருக்க வேண்டும் என்பது 1935-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சாட்சியத்தை மறைப்பது முறையான சட்ட நடைமுறையை மீறுவதாகும் என்று 1963-இல் அது மேலும் தெளிவாக்கியது. பதவிப் போட்டியும் பழைய பகையும் கலந்த இடத்தில் இந்த நெறிகள் எவ்வளவு எளிதாக நழுவுகின்றன என்பதைப் படம் பிரசங்கம் இல்லாமல் காட்டுகிறது. நீதிபதியின் கைகளும் முழுக்கச் சுத்தமானவை அல்ல என்பதையும் அது மறைப்பதில்லை.

ஜூரிகள் தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு வழக்கு போவதே இல்லை; சாட்சியம் போதவில்லை என்று நீதிபதி அதை நடுவிலேயே முடித்துவிடுகிறார். கட்டுரையாளர் இதைத் திரைக்கதையின் பலவீனமாகக் கருதுகிறார். நான் இதைத் துணிச்சல் என்பேன். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுக்க முழுக்க அரசுத் தரப்பைச் சார்ந்தது. அது தவறும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியா இல்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை தேட வேண்டியதில்லை. அப்படி முடிந்த வழக்கில் அதே குற்றத்துக்காக அவரை மறுபடியும் விசாரிக்கவும் முடியாது. சட்டம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது, ஆனால் ஊராரின் சந்தேகத்தை அதனால் துடைக்க முடிவதில்லை. இந்த இடைவெளியைப் பார்வையாளர் உணர்ந்த பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற இறுதிக் காட்சி வருகிறது. விசாரணைக் காட்சிகளைக் கவனமாகப் பின்தொடர்ந்தவருக்கே அதன் முழுக் கனமும் புரியும். தம்ளரும் மருத்துவச் சாட்சியமும் மனத்தில் பதியாதவருக்கு அந்த முடிவு வெறும் அதிர்ச்சியாக மட்டுமே எஞ்சும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கொலையாளி யார் என்பதைக் கட்டுரை அதன் இரண்டாம் பத்தியிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டது. படம் பழையதாக இருக்கலாம், ஆனால் இன்று முதன்முறையாகப் பார்க்கப்போகும் இளம் வாசகர்கள் தங்களுக்கு நிறையவே இருப்பார்கள். இனி இத்தகைய படங்களைப் பற்றி எழுதும்போது முடிவை மறைத்துவிட்டு, சாட்சிகள் விசாரிக்கப்படும் விதம், தடயங்கள் கையாளப்படும் முறை, நீதிபதி தம் அதிகாரத்தைப் பயன்படுத்தும் இடங்கள் ஆகியவற்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுமாறு தங்கள் விமர்சகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இயலுமானால், குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரையும் உடன் அமர்த்திப் படத்தைப் பார்க்கச் செய்து, அவருடைய கருத்துகளையும் சேர்த்து வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஒரு வழக்கறிஞர்